எட்டாம் எண்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வராது. உன் ஸ்கேன் கேமராவைப் பற்றிக் கேட்டால் நாலு பக்கம் எழுதுவாய்.

நீ சொன்னபடியே செய்தேன். கதிர்மருந்து ஊசி போட்டு, ஆளைப் படுக்கவைத்து, எங்கள் ஆஸ்பத்திரி கேமராவை நின்று நின்று எடுக்க விடாமல் ஒரே சுற்றாகச் சுற்றவிட்டேன். "என்னம்மா, இது நிக்கவே நிக்காதா? எனக்குத் தலை சுத்துது" என்றார் ஒருவர். "சுத்துறது அது, நீங்க சும்மா படுங்க" என்றேன். எங்கள் டாக்டர் என்னவோ அதிலிருந்து வரும் பழைய முறைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு எழுதுகிறார்.

பதிவுகளில் பெயரை நீக்கிவிட்டு எண் மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் அவசரத்துக்கு ஆள் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

ஜூன் 19

அன்பு அக்கா,

ஜெயித்துவிட்டோம்! பழைய முறையில் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகரும்போது கேமரா கண்ணை மூடிக்கொள்கிறது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே, யாராவது கேட்டார்களா? அந்த நகர்வில் கிடைத்ததையும் சேர்த்துப் படமாக்கினேன். எட்டாம் எண்ணைப் பார். உங்கள் டாக்டர் ஒன்றுமில்லை என்று எழுதிய முதுகெலும்பில் மூன்று புள்ளிகள், பொட்டு வைத்த மாதிரி! நேற்று ஆபீசில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள். எதற்கும் வாய் திறக்காத எங்கள் மேலதிகாரியே "அடி தூள்" என்றார்.

பரவிய புற்றாக இருக்கலாம் என்கிறார் இங்குள்ள டாக்டர். பாவம்தான். அந்த ஆளை உடனே கூப்பிட்டு உங்கள் டாக்டரைச் சொல்லச் சொல். ஆனால் அந்தப் புண்ணியவான் இல்லையென்றால் என் வேலை குப்பைக்குத்தான் போயிருக்கும்.

உன்
தம்பி

ஜூன் 27

தம்பி,

எட்டாம் எண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அது நான்தான்.

முதுகுவலிக்காக டாக்டர் எடுக்கச் சொன்ன படம். ஆள் போதவில்லையே என்று அதையும் சேர்த்து அனுப்பினேன். "ஒண்ணுமில்ல, கனமா எதுவும் தூக்காதீங்க" என்று அவர் சொல்லியிருந்ததால் அதை மறந்தே போனேன். உன் கடிதத்தைப் பாதிவரை சிரித்துக்கொண்டுதான் படித்தேன்.

நீ அனுப்பிய படத்தை அவரிடம் காட்டினேன். எனக்கு ஒரு நாற்காலி நகர்த்திப் போட்டார். மறுபடி சோதித்தார்கள். நீ பார்த்தது சரி.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறதடா. உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தக் கைதட்டலை நினைத்தால் வயிறு எரிகிறது. அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

இதற்குப் பதில் எழுதாதே. கிளம்பி வா.

அக்கா