விடுபட்ட அம்புக்குறி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் முறை. முதல் வரியிலேயே பொய் எழுத மனமில்லாததால் அதை விட்டுவிட்டேன். நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நான் வாயைத் திறந்தாலே "அம்மா, ஒரு மீட்டிங்" என்கிறாய். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது.

தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்ன சளிப் பரிசோதனை முடிவு இதுதான். காசநோய் எனக்குத்தான். சமையல்காரிக்கு இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள். அவளுடைய இருமல் தூசியால் வருகிற அலர்ஜியாம். என்னுடைய இருமலைத் தொலைபேசியில் பல மாதங்களாக நீயும் கேட்டாய். "வயசானா தொண்டை அப்படித்தாம்மா" என்றாய்.

சுகாதார நிலையத்து நர்ஸ் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவன் பழைய குடித்தனக்காரன்மா. வருஷக்கணக்கா உள்ளயே தூங்கிட்டு இருந்திருக்கான், இப்பத்தான் முழிச்சிருக்கான்" என்றாள். வீட்டில் முன்பு யாருக்காவது இருந்ததா என்று கேட்டாள். என் கணவருக்கு என்றேன். கடைசிவரை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து மருந்து கொடுத்தவள் நான். அப்போது நீ ஒன்றாம் வகுப்பு.

காசநோய் எப்படிப் பரவும் என்று கணிதத்தால் சொல்கிற நீ, மேடைதோறும் அந்தச் சாவிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறாய். "என் அப்பாவை இந்த நோய்க்குப் பறிகொடுத்தேன்" என்றதும் கை தட்டுகிறார்கள். அந்தக் காணொளியை நீதான் அனுப்பினாய். அப்பாவை நினைவு வைத்திருக்கிறாய். தலைமாட்டில் இருந்தவளை மறந்துவிட்டாய்.

போன முறை வந்தபோது சாப்பாட்டு மேசையில் காகிதம் விரித்து விளக்கினாயே. நோய் தொடாதவர்கள் ஒரு பெட்டி, கிருமி உள்ளே தூங்குகிறவர்கள் ஒரு பெட்டி, நோயாளிகள் ஒரு பெட்டி, குணமானவர்கள் ஒரு பெட்டி. யார் யாருக்கு நோயைத் தருவார்கள் என்பதற்கு அம்புக்குறி. வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடமிருந்து முதியவர்களுக்குத் தடிமனாக ஒன்று போட்டாய். முதியவர்களிடமிருந்து வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "உங்க வயசுக்காரங்க யாரைம்மா போய்ப் பாக்கப் போறாங்க? கணக்கு சுலபமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்று சிரித்தாய்.

உண்மைதான். நான் யாரையும் பார்ப்பதில்லை. ஒருத்தியைப் பார்த்தேன். தினமும் காலை முழுவதும், தெருச் சத்தத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய சமையலறையில், அவள் காய் நறுக்குவாள். நான் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளை உரக்க வாசிப்பேன். "மந்திரி பேசினதெல்லாம் விடுங்கம்மா, அந்தக் கொலைக் கேஸ் என்னாச்சு?" என்பாள். கான்வென்ட்டில் படித்தவள் நான். கடைசி எழுத்தைக்கூட விழுங்க மாட்டேன். அந்தத் திருத்தமான உச்சரிப்போடு அவள் பக்கம் என்னவெல்லாம் போயிற்று என்பதை நீதான் கணக்கிட வேண்டும்.

அவளுக்கு நோய் இல்லை, கிருமி இருக்கிறது. உன் இரண்டாவது பெட்டி. என்னிடமிருந்துதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாதாம். ஆனால் அவள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறாள்.

அவள் இருமுகிறாள் என்று பேச்சோடு பேச்சாக நான் சொன்ன அன்றே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினாய். பல்கலைக்கழக முத்திரையோடு, 'சந்தேகத்துக்குரிய நோய் மூலம்' என்று. செயலாளர் அதை லிஃப்டில் ஒட்டினார். மறுநாள் காவலாளி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டான். மதியம் அவள் சமைத்த மற்ற வீடுகளும் கையை விரித்துவிட்டன.

நேற்று சுகாதார நிலையத்துக்கு மருந்து வாங்கப் போனபோது அங்கே பெஞ்சில் அவள் இருந்தாள். நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காருங்கம்மா. நோய்க்காரி பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்கும்னு பயமா இருக்கா?" என்று முகக்கவசத்துக்குள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "என்னை விடுங்க. ஸ்கூல்ல எம் பொண்ணைத் தனி பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க. அதை யாரு மாத்துவா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கைப்பட எழுதி லிஃப்டில் ஒட்டினேன்: நோயாளி நான், அவள் அல்ல. சிறிது நேரத்தில் செயலாளர் அதைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "வயசாயிடுச்சு, நீங்களா எதையாவது நெனச்சுக்கறீங்க. உங்க மகன் எழுதித் தரட்டும், உடனே மாத்திடறேன்" என்றார். நோய் என்னுடையது, அதைச் சொல்லும் தகுதி உன்னுடையதாம்.

நேற்றிரவு தொலைபேசியில் உன்னைக் கேட்டால், "பொதுவா பாத்தா அந்த அனுமானம் தப்பில்லம்மா. உங்க மரியாதைதான் கெடும், விட்டுடுங்க" என்கிறாய். என் மரியாதையை நான் பார்த்துக்கொள்வேன். அவளுடையது உன் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பள்ளியில் சிஸ்டர் பிழையை ரப்பரால் அழிக்க விடமாட்டார். ஒரே ஒரு கோடு. பிழை தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது. கீழே கையெழுத்து. கூசும். கூச வேண்டும் என்றுதான் அந்த விதி. நீயும் அப்படி ஒன்று எழுது. நான் எழுதியது தவறு, நோய் மூலம் அவள் அல்ல, நோயாளி என் தாய் என்று. அதே முத்திரையோடு. லிஃப்டில் அதே இடத்தில் ஒட்டும்படி சொல்லி அனுப்பு. அவள் மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி.

இங்கே நானே சமைக்கிறேன். உப்பு சரியில்லை என்று சொல்லவும் ஆளில்லை. நர்ஸ் சொன்னபடி ஜன்னல்களைத் திறந்தே வைத்திருக்கிறேன். செய்தித்தாளை மனத்துக்குள் வாசித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. உன் அப்பா இருமிய அந்த அறையில்தான், என் மடியில், நீயும் தூங்கினாய். உன் படத்தில் உன்னை எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறாய் என்று நான் கேட்டதே இல்லை. தள்ளிப் போடாமல் பரிசோதித்துக்கொள். முடிவு எதுவானாலும் எனக்கு எழுது. முதல் பெட்டியிலேயே நீ இருக்க வேண்டும் என்று, மாத்திரை விழுங்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

உன்மேல் கோபம் தீராத,
அம்மா