மூன்றே முக்காலுக்குத் திறந்த கதவு

பாப்பா அப்பாவுக்கு,

உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நலம். நீங்கள் போனில் கேட்பதற்கெல்லாம் பதில் இதோ: சிலிண்டர் வந்தது, மோட்டார் ஓடுகிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் தவறு செய்துவிட்டேன். இருபது அவரைச் செடிகளை ஆறு நாளாக இருட்டறையில் வைத்திருந்தோம். அவரை பகலில் இலையை உயர்த்தும், இரவில் தொங்கவிடும். வெளிச்சமே இல்லாவிட்டாலும் அதைத் தொடர்ந்து செய்யும். உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். என்ன, வெயிலைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வழியில்லாததால் ஒவ்வொரு செடியும் தன் போக்கில் கொஞ்சம் முந்தும், பிந்தும். அதைத்தான் கேமரா பதிவுசெய்கிறது. நடுவில் வெளிச்சம் பட்டால் கடிகாரத்தின் நேரம் மாறிவிடும், எல்லாம் பாழ். எட்டு வருடமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதை ஓதுபவளே நான்தான்.

செவ்வாய்க்கிழமை, செடியைப் பாதிக்காத மங்கலான பச்சை விளக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றே முக்கால் ஆனதும் கை பூவாளியைக் கீழே வைத்தது, கால் தானாக நடந்தது. இரண்டு கதவையும் விரியத் திறந்துபோட்டுப் பையை மாட்டிக்கொண்டு தெருவரை வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் பாப்பா இனி இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. காய்ச்சல் அவளைக் கொண்டுபோய் நான்கு மாதம் ஆகிறது. தெருவில் அது உறைத்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. திரும்பி வந்து கதவைச் சாத்தினேன்.

ஆய்வை நடத்தும் மேடம் திட்டியிருந்தால் தேவலை. மறுபடி விதைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். இருட்டறைச் சாவியை நானே அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் போன ஒன்பதாம் நாளே நீங்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பியதில் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. நீங்களும் இன்னும் எட்டு மணிக்கே கூப்பிடுகிறீர்கள், அவளைத் தூங்கவைக்கும் நேரத்துக்கு. நான் எடுத்ததும் சிலிண்டரைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குப் புரியாமலில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாவது லீவு கேட்டுப் பாருங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம், வந்து என்னோடு சண்டை போட்டாலும் சரி. தனியாக எனக்கு அழுகை வரமாட்டேன் என்கிறது.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
நான்