ராத்திரி ஓடிய மோட்டார்

அன்புள்ள வாப்பாவுக்கு, ரியாத்திலிருந்து ஹுஸைஃபாவின் ஸலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? உம்மா மாத்திரை போடுகிறார்களா? நான் சுகம். வேலை போக இருந்தது, போகவில்லை.

முதலாளி வீட்டு நீச்சல்குளத்துத் தண்ணீர் மாடியிலுள்ள சோலார் பேனலுக்குப் போய்ச் சூடாகித் திரும்ப வேண்டும். நான் மோட்டாரை ராத்திரி முழுக்க ஓட்டினேன். புளியங்குடித் தோட்டத்தில் ராத்திரிதானே நம் பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட் விடுவார்கள்? அந்தப் பழக்கம். டிசம்பர் குளிரில் பேனல், தண்ணீரில் இருந்த சூட்டையும் வெளியே விட்டுவிட்டது. முதலாளி தண்ணீரில் காலை வைத்து அலறினார். பூட்டி வைத்திருக்கும் என் பாஸ்போர்ட்டைக் கொடுத்து ஊருக்கு அனுப்பச் சொன்னார்.

சூப்பர்வைசர் வல்லிநாயகம் அண்ணாச்சி, செங்கோட்டைக்காரர், "ஏலே, ராத்திரி எந்தச் சூரியன் உனக்கு வருதான்? ஐந்தருவித் தண்ணியவே இங்கன கொண்டாந்துட்டியே!" என்று திட்டிக்கொண்டே எனக்குச் சில நாள் தவணை வாங்கித் தந்தார்.

பேனலில் படிந்த மணலைக் கழுவினேன். வெயில் ஏறிய பிறகு மோட்டார் போட்டு, சாயங்காலம் நிறுத்தி, குளத்தைத் தார்ப்பாயால் மூடினேன். தண்ணீர் வெதுவெதுப்பானது. முதலாளி ஒரு விரலை விட்டுப் பார்த்து, என்னை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு லண்டன் போய்விட்டார். வரும்வரை சூடு குறையக் கூடாதாம்! எங்கள் அறையில் ஹீட்டர் கெட்டு ஒரு மாதமாகிறது. அதற்கு அவசரமில்லையாம்.

சேக் தாவூது மாமா இங்கே வரும்போது ஒரு போர்வை கொடுத்துவிடுங்கள். புதுசு வேண்டாம், உம்மா போர்த்தியதே போதும்.

அண்ணாச்சி குளத்துப் பக்கமிருந்து கூப்பிடுகிறார். நான் வெந்நீரில் குளிக்கிறேனா என்று உம்மா கேட்டால், ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே என்று சொல்ல வேண்டாம்.

உங்கள் மகன்,
ஹுஸைஃபா