கிணற்றுக்குள் போன கணக்குப் புத்தகம்

மாசி, ஞாயிறு இரவு.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் குடும்பங்கள் இன்று கோவில்பட்டியில் கூடினோம். ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தெம்பு வரட்டும் என்றுதான் மாதாமாதம் கூடுகிறோம். பேத்தி ஒட்டிய இலை ஆல்பத்தை மருமகள் ஜெயா எல்லோருக்கும் காட்டினாள். ஐந்தாவதோடு நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கை கழுவப் பின்பக்கம் போனால், விளாத்திகுளத்திலிருந்து புதிதாக வந்த முத்துச்செல்வி அழுதுகொண்டு நிற்கிறாள்.

"எம் பையனுக்கு இன்னும் வாசிக்கவே வரல ஆச்சி. இவிய புள்ளைக என்னமாச் செய்யுது! ஜூன்ல பள்ளிக்கூடத்துலயே சேத்துருதேன்."

அவளை உள்ளே கூட்டிவந்து, எல்லோருக்கும் கேட்கும்படி என் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

"எம் பேத்தி கணக்குப் புஸ்தகத்தக் கெணத்துல போட்டுட்டா. இந்தா இருக்காளே எம் மருமவ, இவ சோறு திங்காம அழுதா."

ஜெயாவின் முகம் சுண்டிவிட்டது. மகன் வரைந்ததென்று படங்களைக் காட்டியிருந்த கழுகுமலைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"உண்மையச் சொல்லிருதேன் ஆச்சி. எம் பய படம்னு காட்டுனேம்லா, அதுல பாதி நான் வரைஞ்சது."

ஒரே சிரிப்பு. பிறகு ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கூத்தைச் சொன்னார்கள். முத்துச்செல்வியும் சிரித்தாள்.

பஸ்ஸில் ஜெயா என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். நான் சொன்னது சரிதான்.

இப்போது அடுத்த அறையில் முத்துச்செல்வியோடு போனில் பேசுகிறாள்.

"சேக்கலன்னு முடிவு பண்ணிட்டேல்லா, அது போதும். நானே போன மாசம் எம் மவளப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தவதான். அத்தைகிட்ட மட்டும் சொல்லிராத."

எனக்கு இது தெரியாது. கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.