திடீரென்று நல்லவராகிவிட்ட மனுஷன்

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரியில் பயிற்சி வகுப்பு ஆரம்பம். கவனம் சிதறாமல் இருப்பது எப்படி, நன்றாகப் பேசுவது எப்படி, நம்மை நாமே மேம்படுத்திக்கொள்வது எப்படி. ஆபரேஷன் தியேட்டரில் இத்தனை வருஷம் நர்ஸாக நின்றவளுக்குக் கவனத்தைப் பற்றிப் பாடம் எடுக்க ஒரு டை கட்டிய ஆசாமி. இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. ஆள் குறைக்கப் போகிறார்களோ என்னவோ. டைரி வேறு எழுத வேண்டுமாம், அதுவும் உண்மையை மட்டும். எழுதுகிறேன். எவர் கண்ணிலும் காட்ட மாட்டேன்.

மார்ச் 5, புதன்

இன்று டை ஆசாமி பெரிய ரகசியம் மாதிரிச் சொன்னது: எதிரில் இருப்பவர் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அடக் கடவுளே! தியேட்டரில் எங்கள் பிழைப்பே அதுதானே? டாக்டர் "பெரிய கத்தரி" என்றால், "பெரிய கத்தரி" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் கையில் வைப்பேன். திருப்பிச் சொல்லாவிட்டால் அந்த நர்ஸின் கவனம் அங்கே இல்லை என்று அர்த்தம்.

வீட்டில் இதெல்லாம் எடுபடாது. இவர் வாயிலிருந்து "ம்ம்" தவிர எதுவும் வந்து யுகமாகிறது. பம்பு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஓடுகிற பம்பின் மேல் ஒரு இரும்புக் கம்பியின் நுனியை வைத்து, மறுநுனியைக் காதில் ஒட்டிக்கொண்டு, உள்ளே பேரிங் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார். பம்பு முனகினால் புரியும். பெண்டாட்டி கத்தினால் "ம்ம்".

மார்ச் 9, ஞாயிறு

இதற்குச் சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை. "நாளைக்கு சிலிண்டர் வரும், வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றேன். டிவியை அணைத்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். என் முகத்தையே பார்த்தபடி, "நாளைக்கு சிலிண்டர் வரும், வாட்ச்மேன்கிட்ட சொல்லணும். அதானே?" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. என் பயிற்சித் தாள்களைப் படித்துவிட்டாரோ என்று பையைத் திறந்து பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருக்கிறது. அப்படியென்றால் யார் சொல்லிக்கொடுத்தது?

மார்ச் 13, வியாழன்

இன்றும் அதே. கண்ணைப் பார்த்து, தலையாட்டி, திருப்பிச் சொல்லி. முதுகு கூசுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவுக்குப் போன் போட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "அடி அசடே! இவ்ளோ வருஷமா உன் மூஞ்சியைப் பாக்காத மனுஷன் இப்ப எதுக்குப் பாக்கறார்? தப்பு பண்றவன்தாண்டி திடீர்னு நல்லவனாவான். மொதல்ல போனை எடுத்துப் பாரு" என்றாள். என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாள்.

இவர் குளிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். (ஆமாம், பார்த்தேன். உண்மையை மட்டும்தானே எழுதச் சொன்னார்கள்.) யார் கூப்பிட்டாலும் கட் செய்துவிட்டு, "இப்ப பேச முடியாது, எழுதி அனுப்பு" என்று மெசேஜ் தட்டியிருக்கிறார். தம்பிக்கு அப்படி. சூப்பர்வைசருக்கு அப்படி. பால்காரருக்குக்கூட அப்படி! கில்லாடி. ஊருக்கே அனுப்பினால் ஒருத்திக்கு அனுப்புவது தனியாகத் தெரியாது அல்லவா?

மார்ச் 22, சனி

நேற்று ஓவர்டைம் என்றார். கம்பெனிக்குப் போன் செய்தேன். "அவர் சீக்கிரமே கிளம்பிட்டாரேம்மா" என்றார்கள். போன வெள்ளியும் அப்படித்தானாம்.

இன்று கடைத்தெருவில் நடக்கும்போது சட்டென்று என்னைச் சுற்றி வந்து என் வலது பக்கம் நடந்தார். நான் மறுபடி இடம் மாறினேன். அவரும் மாறினார். யார் கண்ணில் நான் படாமல் மறைக்கிறார்?

இதை எழுதவே அவமானமாக இருக்கிறது — எனக்கு அவர் இப்படிப் பேசுவது பிடித்திருக்கிறது. பொய்யாகவே இருக்கட்டும். தியேட்டரில் என்ன நடந்தது என்று நேற்று கேட்டார். முழுக்கச் சொல்ல விட்டார். இன்னொருத்தியிடம் கற்றுக்கொண்டு வந்து என்னிடம் காட்டுகிறாரே என்று நினைக்கும்போதுதான் நெஞ்சு எரிகிறது. என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாரா? போவதற்கு முன் இந்த மரியாதையா?

மார்ச் 30, ஞாயிறு

கேட்டேவிட்டேன். சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழாய்கூட ஓடவில்லை. வாசலில் நின்று, "யாருங்க அவ?" என்றேன்.

துடைத்த தட்டை அடுக்கில் வைத்தார்.

"கேக்கறேன்ல? யாரு அவ? என்னை விட்டுட்டுப் போகப் போறீங்களா?"

அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தார். பாவி, என்ன நெஞ்சழுத்தம்! விறுவிறுவென்று பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார், தட்டு கைநழுவி விழுந்தது. "எப்பம்மா வந்தே?" என்றார்.

நடிப்பில்லை. பயந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆபரேஷன் மேஜையில் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் என் புத்தி சும்மா இருக்குமா? என் தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு, "தண்ணி வேணும்" என்றேன். சத்தமாகத்தான்.

துண்டையே பார்த்தார். கண்ணில் நீர் தளும்பியது.

"துணியை எடும்மா" என்றார்.

மார்ச் 31, திங்கள்

லீவு போட்டேன். எல்லாம் சொன்னார். வலது காது போன வருஷமே போய்விட்டது. இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் போனது காது டாக்டரிடம். "பம்பு சத்தம் சரியாக் கேக்கலன்னு தெரிஞ்சா என்னை அங்க எதுக்கு வெச்சுக்குவான்?" என்றார். சந்தேகமான பம்புகளை இன்னொருவரைக் கேட்கச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். "எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?" என்றேன். "நீ பாவமாப் பாப்பே. எனக்கு அது வேண்டாம்" என்றார்.

திருப்பிச் சொல்வதைக் கவனம் என்று நினைத்தேன், அப்புறம் கள்ளத்தனம் என்று நினைத்தேன். பாவம், என் உதட்டசைவைப் படித்தது சரிதானா என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, சனி

அவரே போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். உதிரிபாக ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை. முகம்தான் தொங்கிப் போயிருக்கிறது. நான் பாவமாகப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு படுகிறேன்.

மே 4, ஞாயிறு

காதுக் கருவி வந்துவிட்டது. காலையில் படுக்கையறையிலிருந்து, "சாவி எங்கே வெச்சேன்?" என்று எனக்கு நானே முணுமுணுத்தேன். ஹாலிலிருந்து, "டிவி மேல" என்று பதில். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. ஓடிப் போய் அழுதேன். மத்தியானம் அக்காவைப் பற்றி ஏதோ சொன்னேன். "ம்ம்" என்றார், பேப்பரைப் பார்த்துக்கொண்டே. சந்தோஷப்பட வேண்டியவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கருவியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். என் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் என்று உடனே தோன்றியது. நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்பச் சொல்லு" என்றார்.

அன்று அவர் முதுகிடம் கேட்டதை அவரிடம் சொன்னேன். சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து.

"'யாரு அவ'ன்னு கேட்டிருக்கே. அதானே?"

தலையாட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"முன்னாடி வந்து கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.