டிஸ்பென்சரிக்கு இரண்டு மைல்

1954 ஜனவரி 6, புதன்

முப்பத்தொரு நிமிடம்.

தோட்டத்தின் மேற்பிரிவில் எங்கள் குவாட்டர்ஸ் வாசற்படலையிலிருந்து கீழ்ப்பிரிவு டிஸ்பென்சரி வரை இரண்டு மைல். இவருடைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, இவருடைய கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் ஓடினேன். பூனாகலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் தேயிலை தெரியவில்லை. விரல்கள் ஊதா நிறமாகி, கடிகார வாரைக் கழற்ற முடியவில்லை. வீட்டுக்கு வந்து பல்லால் கழற்றினேன்.

என் பிள்ளை பவானி போய் இன்றோடு ஐம்பது நாள்.

ஜனவரி 8, வெள்ளி

எழுதி வைக்கிறேன். பிறகு எனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

நவம்பர் 17. விடியற்காலையில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. இவர் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். ஆபீஸ் வேலையாகப் பதுளைக்குப் போயிருந்தார். மல்லித்தண்ணி கொடுத்துப் பார்த்தேன். பிறகு சட்டை மாற்றினேன் — டாக்டரிடம் போகிற பிள்ளைக்கு நல்ல சட்டை வேண்டுமென்று. வழியில் மழை கனத்தபோது ஒரு மரத்தடியில் ஒதுங்கினேன். மற்றபடி நடந்தேன். ஏன் ஓடவில்லை? கிளாக்கர் பெண்சாதி ரோட்டில் ஓடுவதா என்றா?

எல்லாமாக ஐம்பது நிமிடம்.

டிஸ்பென்சர் நல்லையா தொண்டையைப் பார்த்தார். "தொண்டை அடைப்பான், தங்கச்சி. ஒரு அரை மணித்தியாலம் முந்திக் கொண்டந்திருந்தால்..." அவர் முடிக்குமுன் பிள்ளை முடிந்துவிட்டது.

ஐம்பதில் முப்பது போனால் இருபது. இருபது நிமிடத்தில் போக முடியுமா, முடியாதா? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜனவரி 11, திங்கள்

இருபத்தேழு. வாய்க்குள் இரத்தச் சுவை.

ஜனவரி 14, வியாழன்

பொங்கல். எங்களுக்கு இல்லை. இருபத்தைந்து.

ஜனவரி 15, வெள்ளி

"சனம் கதைக்குது," என்றார் இவர். "தோட்டத் துரையும் கேட்டவர், உம்மட மனிசிக்கு என்ன எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"உடம்புக்கு நல்லதாம் எண்டு சொன்னன்."

பின்னேரம் பண்டாரவளைக்குப் போய், மொஹிதீன் கடையில் ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து வாங்கி வந்து கதவடியில் வைத்தார். என் காலில் இருந்த வெட்டுகளைப் பார்த்திருக்கிறார். ஏன் ஓடுகிறீர் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 25, திங்கள்

பத்தொன்பதரை.

முடியும். முடிந்திருக்கும். அழுகை வரும் என்று சிறிது நேரம் காத்திருந்தேன். வரவில்லை. வந்து சோறு ஆக்கினேன்.

ஜனவரி 26, செவ்வாய்

ஆனால் கையில் பிள்ளை இல்லையே. பவானி இருபத்திரண்டு இறாத்தல். அவ்வளவு அரிசியை நிறுத்து ஒரு பையில் கட்டி, போர்வையால் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 29, வெள்ளி

மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடும்போது அங்கம்மா மறித்தாள். கீழ்ப்பிரிவில் தொழிலாளர் லயத்தில் இருப்பவள், கொழுந்தெடுக்கிறவள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"யாரு புள்ளைங்கம்மா? என்ன செய்யுது?" என்று போர்வையை விலக்கினாள். அரிசி.

ஒன்றும் கேட்காமல் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு நடந்தாள். நானாகச் சொன்னேன். நல்ல சட்டை, மரத்தடி, ஐம்பது நிமிடம், எல்லாம்.

"ஓடியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்க. அந்த ஊசிதான் அங்க இல்லையே," என்றாள்.

"ஆர் சொன்னது?"

"எம் மவளுக்கும் அதே நோவுதாங்க. ஐப்பசி மொத வாரம். எங்க லயத்துலேருந்து மருந்துக் காம்பராவுக்கு ரெண்டு நிமிசங்கூட ஆகாது. ஊசி தீந்துபோச்சு, எழுதிப் போட்டிருக்கேன்னாரு ஐயா. பதுளைக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள போயிட்டா."

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மூட்டையை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் இரண்டு மைலுக்குள் ஒரு பிள்ளை செத்திருக்கிறது. எனக்குத் தெரியாது. யார் சொல்லியிருக்க வேண்டும்?

ஜனவரி 30, சனி

நல்லையாவிடம் போனேன். போத்தல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் அரை மணித்தியாலம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஏதாவது சொல்ல வேணுமே, தங்கச்சி. மருந்து இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு கடிதப் பிரதியைக் காட்டினார். தோட்ட ஆபீசுக்கு எழுதியது. செப்டம்பர் 14. தொண்டை அடைப்பானுக்கான ஊசி மருந்து உடன் தேவை. கீழே, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம்.

இவருடையது.

ஜனவரி 31, ஞாயிறு

"நல்லையாவின்ர கடிதம் உங்களிட்ட வந்ததோ?"

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வந்தது. துரை லீவில நிண்டவர். வந்தாப் பிறகு காட்டுவம் எண்டு கோப்பில வைச்சன். பிறகு மறந்துபோனன்."

"அங்கம்மாவின்ர பிள்ளை செத்த நேரமும் ஞாபகம் வரேல்லையோ?"

"வந்தது."

"பிறகு?"

"இப்ப காட்டினால் ஏன் பிந்தினது எண்டு கேப்பினம்... எங்கட வீட்டுக்கு வரும் எண்டு நான் நினைக்கேல்லை."

அழுதார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சோறு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 1, திங்கள்

ஓடினேன். கடிகாரம் கட்டவில்லை.

பிப்ரவரி 4, வியாழன்

டிஸ்பென்சரியையும் தாண்டி ஓடினேன். எங்கே, எதற்கு? தெரியாது. நின்றால்தான் ஏதோ வந்து பிடித்துவிடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 9, செவ்வாய்

கடிதம் தன் மேசையில் கிடந்ததை இவரே எழுதித் துரையிடம் கொடுத்துவிட்டார். நேற்றுப் பதுளைக்குப் போய் ஊசி மருந்துப் பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். நல்லையா சொன்னார். அதைக் கொடுத்துவிட்டு லயத்துக்குப் போயிருக்கிறார். அது அங்கம்மா சொல்லித் தெரியும்.

"வாசல்ல நின்னுக்கிட்டு, நாந்தான் அந்தக் கடுதாசிய வச்சிருந்தேன்னாரு. உக்காருங்கன்னேன். உக்காரல."

"நீ என்ன சொன்னாய்?"

"என்னத்தங்க சொல்றது. எம் மவ பேரு தெரியுமான்னு கேட்டேன். தெரியலீங்க அவருக்கு. மருதாயின்னு சொன்னேன். ரெண்டு தரம் சொல்லிப் பாத்துக்கிட்டுப் போனாரு."

பிப்ரவரி 12, வெள்ளி

வேலை போகவில்லை. லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு இரண்டாம் கிளாக்கராக மாற்றம். மாத முடிவில் போக வேண்டும்.

"நீர் உம்மட ஊருக்கு, யாழ்ப்பாணம் போறதெண்டால் போம். நான் மறிக்கமாட்டன்," என்றார். நான் அடுப்படிக்குப் போனேன்.

பிப்ரவரி 15, திங்கள்

இன்று எனக்குப் பின்னால் அவரும் ஓடி வந்தார். ஆபீஸ் சப்பாத்தோடு. திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16, செவ்வாய்

வந்தார். தூரத்தில் இருமல் கேட்டது.

பிப்ரவரி 19, வெள்ளி

எங்கேயோ விழுந்திருக்கிறார். முழங்காலில் மண். கேட்கவில்லை.

பிப்ரவரி 26, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை சாமான் லொறி வருகிறது. மதியம் முழுக்கப் பாத்திரங்களை வைக்கோல் வைத்துக் கட்டினேன். அவருடையது, என்னுடையது என்று பிரிக்கவில்லை.

காலையில் நல்ல காற்று. மூட்டம் கலைந்து மலை முழுக்கத் தெரிந்தது. இரண்டாவது வளைவில் நின்றேன். நின்றதும் வியர்வை குளிர்ந்து உடம்பு நடுங்கத் தொடங்கியது. பல் கிட்டியது. கையிரண்டையும் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஓடியிருந்தால் இது தெரிந்திருக்காது.

அவர் வந்து சேர வெகுநேரம் எடுத்தது. மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"ஏன் நிண்டனீர்?"

"குளிருது," என்றேன்.