அப்பா மூக்கு செஞ்ச சமாதானம்

அரவேணு

அன்புள்ள தாரிணிக் கண்ணுக்கு அம்மா எழுதறது. உங்கப்பா மூக்கைத் தவிர இந்த ஊட்டுல எல்லாரும் சௌக்கியம், அங்க எடின்பரோ குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா இருக்கோணும். போன்ல பேசலாம்னா இவர் பக்கத்துலயே காதை நீட்டிட்டு நிக்கறார், அதனாலதான் டீத்தூள் பார்சலுக்குள்ள இதை வெச்சு அனுப்பறேன்.

மூக்கு ஒழுகறதுக்கும் அடைக்கறதுக்கும் பூனை முடிதான் காரணம்னு இவராவே முடிவு பண்ணி, பூனையைப் பக்கத்து ஊட்டு ஆன்சிகிட்டக் குடுத்துட்டார். அப்புறம் கோயமுத்தூர் டாக்டரம்மா கையில வரிசையாக் குத்திப் பார்த்துட்டு அலர்ஜியே இல்லைன்னுட்டாங்க. மூக்கு நரம்பு கொஞ்சம் முன்கோபியாம், பனிக்காத்து, புகை, செண்டு வாசம், சூடான ரசம் எது பட்டாலும் ஒழுகுமாம். அடைப்புக்குன்னு மாசக்கணக்கா விட்ட சொட்டு மருந்தே அடைப்பைக் கூட்டிடுச்சாம். அதை நிறுத்தி வேற ஸ்பிரே குடுத்திருக்காங்க. பூனைதான் திரும்பி வரலை, ஆன்சி ஊட்டு மீன் அதுக்குப் பழகிப்போச்சு.

விசயத்துக்கு வர்றேன். உன் கல்யாணப் பத்திரிகையில பேர் விட்டுப்போச்சுன்னு பேசாம இருந்தாரே சின்னராஜ் சித்தப்பா, அவர் போன மாசம் குன்னூர்ல கிரகப்பிரவேசம் வெச்சார். சுஜாதா சித்தி நேர்ல வந்து கூப்பிட்டதால, சாப்பிட்ட கையோட கிளம்பிடோணும்னு பேசித்தான் இவர் வந்தார். ஓமப் புகை கிளம்பினதும் மூக்கும் கண்ணும் கொட்டுது. சித்தப்பா மணையை விட்டு எந்திரிச்சு வந்தவர் அதைப் பார்த்து இவரைக் கட்டிப்பிடிச்சு, "இத்தனை பாசத்தை வெச்சுக்கிட்டா அண்ணா பேசாம இருந்தே"ன்னு விசும்பறார். இவர் புகைன்னு சொல்ல வாயெடுத்தா தும்மல்தான் வந்துச்சு. சபையே கண்ணைத் தொடச்சுது. இப்ப ஞாயித்துக்கிழமையானா சித்தப்பா இங்கதான், சாயங்காலம் பஸ் வளைவுல மறையற வரைக்கும் இவர் நின்னு பார்த்துட்டுத்தான் உள்ள வர்றார். தம்பி அழுதது நெசம், நான் அழலைன்னு மட்டும் அவனுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கார்.

நேத்து சுஜாதா போன் பண்ணினா. அவ ஊட்டுக்காரருக்கும் இதே மூக்குதானாம், அன்னிக்குப் புகை தாங்காம வெளிய ஓடத்தான் மணையை விட்டு எந்திரிச்சாராம். அண்ணன் நெசமா அழுதார், நான் அழலைன்னு சொல்லிராதேன்னு அவளும் சத்தியத்துல மாட்டியிருக்கா. சிரிச்சுச் சிரிச்சு எனக்கே மூக்கு ஒழுகிப்போச்சு. ரெண்டு பேருக்கும் சொல்றதில்லைன்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்.

கதவைத் தொறந்தாலே தும்மறேன்னியே, நீயா மாத்திரை முழுங்காம டாக்டர்கிட்டக் காட்டு. மூக்கையும் காதையும் மூடிட்டுப் போ. மருதமலை முருகன் உங்க ரெண்டு பேரையும் நல்லா வெச்சிருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வீடியோவுல அண்ணனும் தம்பியும் ஒண்ணா உக்காந்திருப்பாங்க, தயவுசெஞ்சு சிரிச்சுத் தொலைக்காதே கண்ணு.

உன் அம்மா
வேலாமணி